பால்டின்னில் ஊற்றிய தண்ணீர்

போன வாரம் பேத்திக்கு வயிற்றுப்போக்கு என்று சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய அட்டை. சிறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏன் வருகிறது என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். கை கழுவாத தாய். கொதிக்க வைக்காத தண்ணீர். கழுவாத பால்புட்டி. ஈ மொய்த்த சாப்பாடு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டேன். என் பெயர் இல்லை. ஏழு வயதிலேயே ஒரு தோட்டம் முழுவதற்கும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்தவன் என்று ஆபீஸ் நோட்டில் எழுதப்பட்ட ஆள் நான். ஒரு மூலையில் சின்னதாகவாவது போட்டிருக்கலாம்.

சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் எங்கள் லயம். லயத்துக்கு மேலே சரிவில் நான்கு இரும்புக் கால்களில் ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றது. ஓடையிலிருந்து பம்பு வைத்து அதில் தண்ணீர் ஏற்றுவார்கள். தொட்டியிலிருந்து ஒரு குழாய், வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகைக்குப் போகும். இன்னொன்று எங்கள் வாசலுக்கு எதிரே ரோட்டோரம் வந்து நிற்கும். அதை நாங்கள் பீலி என்போம். ஒரு மழைக்காலத்தில் பலத்த காற்று அடித்து, தொட்டியின் தகர மூடி பறந்துபோய் லாலாங் புல்லில் விழுந்தது. பெரியவர்களுக்கு அது ஒரு கவலை. எங்களுக்கு அது ஒரு வாகனம். அதில் இருவர் இருவராக உட்கார்ந்து சரிவில் சறுக்குவோம். அதற்குப் பிறகு பீலியைத் திறந்தால் சில நாள் தலைப்பிரட்டை வரும், சில நாள் இறகு வரும். இலவசமாக இவ்வளவு வருகிறதே என்று எங்களுக்குச் சந்தோஷம்தான்.

விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு அம்மா போய்விடுவாள். தங்கைக்கு அப்போது எட்டு மாதம். அம்மாவிடம் பால் இல்லாமல் இல்லை. பாலுக்கும் பிள்ளைக்கும் நடுவே பகல் வரைக்கும் ரப்பர் மரங்கள் நின்றன. நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போக, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் விடமாட்டார். மரத்தின் பால் நேரத்துக்கு ஸ்டோருக்குப் போய்ச் சேரவேண்டும். பிள்ளையின் பால் அம்மாவின் ரவிக்கையை நனைத்துக்கொண்டு காத்திருக்கலாம். அதனால் தங்கைக்கு டின்பால். ஒரு டின் ஒரு வாரம் வரவேண்டும் என்பதால் ஆயா அதை வெள்ளை நிறம் போகாத அளவுக்கு மட்டும் கலக்குவாள். கொதித்த தண்ணீரா என்று கேட்காதீர்கள். பதினொரு பிள்ளைகள், ஓர் அடுப்பு, அந்த அடுப்பிலும் கஞ்சி.

பள்ளிக்கூடம் போகுமுன் தங்கையை இடுப்பிலும் டின்னைக் கையிலும் சுமந்து ஆயாக்கொட்டகையில் விடுவது என் வேலை. டின்னின் மேல் ஆணியால் போட்ட இரண்டு ஓட்டைகள். வரக்காப்பி மட்டும் குடித்துவிட்டு வருகிறவனுக்கு அந்த ஓட்டைகள் என்ன மாதிரி தெரியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தினமும் ஒரு வாய் உறிஞ்சுவேன். டின் லேசாகிவிடுமே என்று பீலியைத் திறந்து ஒரு வாய்த் தண்ணீர் விட்டுக் குலுக்குவேன். மிக நேர்மையான திருடன். எடுத்த அளவுக்கு மேல் ஒரு சொட்டு ஊற்றியதில்லை.

ஒரு திங்கட்கிழமை தங்கைக்கு வயிறு போக ஆரம்பித்தது. புதன்கிழமைக்குள் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது: நான் கொன்றுவிட்டேன். போலீஸ் ஜீப் வரும் என்று கோலிக்குண்டுகளை எல்லாம் சிநேகிதர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். முனியாண்டி கோயிலுக்குப் போய் ஓர் ஆடு வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன். வெளியே வந்தபிறகுதான் என்னிடம் ஆடு இல்லாதது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கோழி என்றேன். சாயங்காலம் அதுவும் ஒரு முட்டை ஆனது. அந்த முட்டையையும் அம்மாவிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும் என்பதால் கடைசியில் கற்பூரத்தில் வந்து நின்றேன்.

வியாழக்கிழமை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நோட்டோடு ஆயாக்கொட்டகைக்கு வந்தார். தோட்டத்து டிரெசரும் மருந்துப் பெட்டியோடு கூட வந்தார். அதற்குள் ஆறு பிள்ளைகளுக்கு வயிறு போய்க்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். அப்பா, பெரட்டில்கூட வாய் திறக்காதவர், அன்று முன்னால் போனார்.

"ஐயா, அந்தத் தொட்டிய ஒருக்கா வந்து பாருங்க. மூடி இல்லாம எத்தன மாசமா கிடக்கு."

"மூடி மாட்டியாச்சுன்னு போன மாசமே தொரைக்கு எழுதியாச்சு," என்றார் கிராணி. "நானும் இந்தத் தோட்டத்துத் தண்ணியதானய்யா குடிக்கிறேன். எனக்கு என்ன வந்துச்சு?"

"உங்களுக்குத்தான் வீட்டுப் பின்னால தனித் தொட்டி இருக்கே," என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். கிராணியின் காது சிவந்தது. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் எல்லாரும் தொட்டியைப் பார்க்கச் சரிவு ஏறியிருப்பார்கள்.

விட்டேனா நான்.

"ஐயா, நான்தான். பால்ல நான்தான் தண்ணி ஊத்துனேன்."

கிராணி திரும்பினார். லாட்டரியில் நம்பர் அடித்தவன் முகம் அது. குனிந்து என் தோளில் கைபோட்டார். அந்தத் தோட்டத்தில் என்னிடம் யாரும் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

"பயப்படாத தம்பி. எவ்வளவு ஊத்துன?"

"குடிச்ச அளவு, ஐயா."

"எத்தன நாளா?"

"டின்னு வாங்குன நாள்லேருந்து."

ஒவ்வொன்றையும் எழுதினார். மற்ற ஐந்து பிள்ளைகளுக்கு எப்படி வந்தது என்று யாரோ கேட்டபோது, "ஒட்டிக்கிச்சு," என்று அவரே பதில் சொல்லி அதையும் எழுதினார். டிரெசர் தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தண்ணீரை ஊற்றினாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்பா மெல்லப் பின்னால் போய் நின்றுகொண்டார். அன்று வீட்டில் ரோத்தான் பிரம்பால் ஓர் அடி அடித்தார். இரண்டாவது அடிக்கு ஓங்கியவர், ரோத்தானைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

ஆறு பிள்ளைகளையும் லாரியில் ஏற்றிச் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தங்கை பத்து நாளில் திரும்பி வந்தாள். இன்று அவள் பெரிய உடம்புக்காரி. குடும்ப வாட்ஸ்அப்பில் என் பெயரைக் 'கொலகாரன்' என்றுதான் வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அத்தையின் பையன் திரும்பவில்லை. அவனுக்கு அப்போதுதான் ஒரு பல் முளைத்திருந்தது.

தங்கை வீடு திரும்பிய வாரம் ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வீட்டுக் கவனக்குறைவால் நோய் பரவியது, தாய்மார்கள் சுத்தமாக இருக்கவேண்டும் என்று அதில் இருந்தது. இருட்டில் எழுந்து, மரத்துக்கு மரம் ஓடி, வந்து துவைத்துச் சமைக்கிற பெண்களுக்குச் சுத்தத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சொற்பொழிவும் நடந்தது. வீட்டுக்கு ஒரு சவர்க்காரக் கட்டி கொடுத்தார்கள். அந்தச் சவர்க்காரத்தை எந்தத் தண்ணீரில் நனைப்பது என்று தாளில் இல்லை. நாங்கள் பீலித் தண்ணீரில் நனைத்தோம்.

சொற்பொழிவுக்கு மறுநாள், பள்ளி விட்டு வரும்போது பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று, "இங்க வாடா," என்றாள். என் கால்கள் வீட்டுக்கு ஓடப் பார்த்தன, வயிறு காட்டுக்கு ஓடப் பார்த்தது. அத்தையின் கையில் உடைக்காத பால்டின் ஒன்று இருந்தது. பையனுக்கு வாங்கி வைத்தது.

"பாப்பா டின்னுல ஊத்துனியே, அந்தத் தண்ணி எங்கடா புடிச்ச?"

"பீலியில, அத்தே."

"பீலிக்கு எங்கேருந்து வருது?"

"தொட்டியிலேருந்து."

"ஆயாக்கொட்டகைக்கு?"

"அதே தொட்டிதான்."

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வகுப்பில் கணக்கில் முதல் மாணவன் நான். இவ்வளவு சுலபமான கணக்கைப் போட்டுவிட்டு விடைக்கு ஏன் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு அவள் ஆணியை வைத்து டின்னில் இரண்டு ஓட்டை போட்டு என் கையில் கொடுத்தாள்.

"குடி. உன் மேல ஒண்ணுமில்ல."

விஷம் வைத்திருக்கிறாள் என்று நான் முடிவு செய்தேன். குடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டே லயத்துக்குப் பின்னால் போய், முழு டின்னையும் கால்வாயில் ஊற்றினேன். எறும்புகள் சாகின்றனவா என்று வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் சாகவில்லை.

மறுநாள் காலை அத்தை பெரட்டுக்குப் போகவில்லை. அன்று பெரட்டு கலையவும் தாமதமாகியிருந்தது. நான் தங்கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் வரும்போது, அத்தை லாலாங் புல்லிலிருந்து தொட்டி மூடியை இழுத்தெடுத்துத் தலையில் தூக்கிவைத்தாள். நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்துபோன மூடி. அதைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாமல், நேராக ஆபீஸ் இருக்கும் பக்கம் நடந்தாள். பெரட்டில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வரிசையை விட்டு அவள் பின்னால் போனார்கள். அதில் அம்மாவும் இருந்தாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இனிமேல் நாங்கள் எதில் சறுக்குவது?