துடைக்காத திரை

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒரு வாசனை எழும். சுட்ட இரும்பும் ஆவியும் கலந்த வாசனை. சமையலறையிலிருந்து வந்தால் எனக்கு அது பசி. ஜன்னல் வழியாக வந்தால் கோபம். இன்று காலை ஜன்னல் வழியாக வந்தது. வந்த வேகத்தில் எங்கள் தெரு முழுவதும் தன்னைத் தேய்த்துக் கழுவிக்கொண்ட அந்த வெள்ளிக்கிழமையையும் இழுத்துக்கொண்டு வந்தது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் வயல். வயலுக்குப் பின்னால் இரும்பை உருக்கும் ஆலை. அங்கிருந்து கரி வரும். மழை மாதிரி சத்தம் போட்டு வராது, மூக்கு அரித்த பிறகுதான் வந்தது தெரியும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் விழும், தயிரில் விழும், தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் வளையம் கட்டும். ஆனால் அதற்குப் பிடித்த இடம் எங்கள் டி.வி.யின் திரைதான். யாரோ கூப்பிட்டு உட்காரவைத்தது போலப் போய் ஒட்டிக்கொள்ளும். அணைத்துவைத்த கறுப்பின் மேல் இன்னொரு கறுப்பு. மாலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் தெரியும், மினுமினுப்பாக, மீன் செதில் பொடித்துத் தூவியது போல.

அதைத் துடைக்க ஒரு பொறுமை வேண்டும், எனக்கு இல்லாத பொறுமை. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறும்வரை சும்மா உட்கார வேண்டும். எடுத்தவுடன் துணியை வைத்துத் தேய்த்தால் அந்தப் பொடியே திரையைக் கீறிவிடும். எதிர் வீட்டு டி.வி.யில் பேன்சீப்பால் இழுத்தது போல இன்னமும் கோடுகள் இருக்கின்றன. அதனால் முதலில் மெத்தென்ற பெயிண்ட் பிரஷ்ஷால் வருட வேண்டும், பொடி தானாக உதிரட்டும். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி. அழுத்தக் கூடாது. ஒட்டிக்கொண்டு போகாத கறை இருந்தால் துணியின் ஓரத்தைக் கேன் தண்ணீரில் நனைத்து, ஈரம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும் அளவுக்குப் பிழிய வேண்டும். போர் தண்ணீர் ஆகாது, காய்ந்தால் உப்புத் தடம் வெள்ளையாக நிற்கும். திரையின் மேல் நேராக ஒரு சொட்டுகூடத் தெளிக்கக் கூடாது. கடைசியாகத் துணியின் காய்ந்த பக்கத்தால் ஒரு முறை, மேலிருந்து கீழே, தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுவது போல.

நாள் தவறாமல் இதைச் செய்தேன். ஒரு நாள் பிரஷ் கையில் இருக்கும்போதே உறைத்தது. யாருடைய அழுக்கை நான் இத்தனை மரியாதையாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்?

தெருவே சேர்ந்து புகார் சொல்லியிருந்தோம். ஆலைக்காரர்களின் பதில் மாறவே இல்லை. அது உங்கள் அடுப்புப் புகை. அலுத்துப்போன சமயத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்க்கப்போகிறார் என்று செய்தி வந்தது. வந்து பார்த்து, இங்கே கரி எதுவும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. இன்னொருவரை யாரும் அனுப்பப்போவதில்லை. அந்த வாரம் முழுக்க நான் டி.வி.யைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகத் துடைப்பச் சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் இல்லை, தெரு முழுக்க. ஜன்னல் கம்பிகளைக் கழுவினார்கள். ஃபேன் இறக்கைகளைத் துடைத்தார்கள். கொடியில் கிடந்த கரித்துணி மறைந்து, பெட்டியிலிருந்த புதுத் திரைச்சீலை ஜன்னலுக்கு வந்தது. வாசலில் பொங்கலுக்குப் போடுவது போலச் செம்மண் இட்ட கோலம். யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. ஆபீசர் வருகிறார், அவ்வளவுதான்.

எதிர் வீட்டு அக்காவிடம் ஓடினேன். கதவைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா பண்றே? அழுக்கைப் பாக்கத்தான அவரு வராரு?"

"அதுக்கு? வெளி ஆம்பளை ஊட்டுக்குள்ள வந்து, இன்னாடா இவளுங்க இப்படி நாறிக்கினு இருக்காளுங்கன்னு நெனைக்கணுமா? போ போ. உன் ஊட்டையும் கொஞ்சம் தொடைச்சி வெய்யி."

திரும்பி வந்தால் என் வீட்டிலும் வாளி. என் கணவரின் அக்கா மணவாள நகரிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வந்து இறங்கியிருந்தார். தேர்வாய் கண்டிகைக்கு ஷிப்டுக்குப் போன என் கணவர் போனில் சொல்லியிருக்க வேண்டும். தையல்காரர், கை ஓயாதவர். நான் தெருவில் பேசி முடிப்பதற்குள் தரை, ஜன்னல், அலமாரி எல்லாம் பளபளத்துவிட்டன. ஒரு கையில் கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் கசக்கிய பேப்பருமாக டி.வி.யை நோக்கிப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தள்ளு."

"மாட்டேன் அண்ணி."

"இன்னாடி இது, டி.வி.யா கரியடுப்பா? என் தம்பி மானம் போவுது. தள்ளுடி."

"அந்தப் பாட்டில மொதல்ல கீழ வெய்யுங்க. அத்த நேரா அடிச்சித்தான உங்க ஊட்டு டி.வி. அப்படி ஆச்சி?"

அவர் வீட்டுத் திரையில் நீலத் தண்ணீர் வழிந்து காய்ந்த இடம் வானவில் நிறத்தில் தேமலாக நின்றுவிட்டது. எந்த சீரியலில் எந்தப் பெண் வந்து அழுதாலும் அவள் இடது கன்னத்தில் அந்தத் தேமல் இருக்கும்.

"அது மச்சம் மாதிரி அழகாத்தான் கீது," என்றார் அண்ணி.

"நான் தொடைச்சா ஒரு தடம்கூட இருக்காது. உங்களுக்கே தெரியும். ஆனா இன்னிக்கு இருக்கணும்."

"பைத்தியம்," என்று பேப்பரை வாளியில் எறிந்துவிட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். பக்கத்தில் ஆலையின் ஆள், மடிப்புக் கலையாத சட்டை. எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் மற்ற வீடுகளைப் பார்த்து முடித்திருந்தார்கள். "பாத்தீங்கல்ல சார், தெருவே கண்ணாடி மாதிரி இருக்கு," என்று ஆலை ஆள் சிரித்தார். அதிகாரியின் முகத்தில் கிளம்புகிற களை வந்துவிட்டது.

"நாஷ்டா ஆச்சா சார்?" என்றார் அண்ணி, கழுவிய தரையைப் பெருமையாகக் காட்டியபடி.

"இங்க பாருங்க சார்," என்றேன் நான். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தைத் திரை மேல் விழவைத்தேன்.

"மேடம் தொடைச்சே ரொம்ப நாளாச்சு போல," என்றார் ஆலை ஆள். "கிச்சன் பக்கத்துலயே இருக்கு பாருங்க சார். அடுப்புப் புகைதான்."

நான் பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக்கொண்டு, திரையின் ஒரு பாதியை மட்டும் பிரஷ்ஷால் வருடினேன். உதிர்ந்தது. துணியால் மேலிருந்து கீழே இறக்கினேன். பாதித் திரை குளத்துத் தண்ணீராக நின்றது, அதில் எங்கள் எல்லோர் முகமும் தெரிந்தது. மறுபாதியில் யாருமில்லை.

"புகைன்னா இப்படித்தான் சார் படியும்," என்று ஆரம்பித்தார் அவர்.

அண்ணி எழுந்துவிட்டார். எனக்காக இல்லை. தம்பி வீட்டுச் சமையலறையைச் சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாய்யா சொன்ன? அடுப்புப் புகையா? என் தம்பி பொண்டாட்டி சட்டியில இரும்பா வறுக்கறா?" கைப்பையைத் துழாவினார். கீழே சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்க அவர் எப்போதும் வைத்திருக்கும் காந்தம் வெளியே வந்தது. என் கையிலிருந்த தாளுக்கு அடியில் அதை வைத்து மெல்ல நகர்த்தினார்.

பொடி எழுந்து நின்றது. கம்பளிப்பூச்சியின் முதுகு போலச் சிலிர்த்து நின்றது. காந்தம் போன பக்கமெல்லாம் போனது. எந்த அடுப்பிலும் பிறக்காத, எங்கள் தயிரிலும் எங்கள் மூச்சிலும் வந்து விழுகிற பொடி, இப்போது ஒரு தையல்காரியின் விரலுக்கு ஆடியது.

அதிகாரி குந்தி உட்கார்ந்து பார்த்தார். அண்ணியிடம் காந்தத்தை வாங்கித் தானும் ஒருமுறை நகர்த்தினார். பிறகு தாளைச் சிந்தாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாதி துடைத்த திரையைப் படம் எடுத்தார். "டெஸ்ட்டுக்கு அனுப்பறேன்மா," என்றார். அதற்கு மேல் வாக்குறுதி எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அதிகாரி வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்கும்போது ஆலை ஆள் வாசலில் குனிந்து ஷூ மாட்டினார். கோலத்தை மிதிக்காமல் தாண்டி, திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"மீதிப் பாதியையும் தொடைச்சிடுங்க மேடம். நல்ல டி.வி. வீணாப் போயிடும்."

"மொதல்ல நீங்க நிறுத்துங்க சார். அப்புறம் தொடைக்கிறேன்."