பெரில் கழித்த கூடுகள்

எங்கள் துப்பாக்கிக் கிளப்பில் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. கழுவி, நீளம் பார்த்து வெட்டி, மறுபடி மருந்து அடைத்துச் சுடுவோம். இதில் கழுவுவதையும் வெட்டுவதையும் பாதி ஆண்கள் பெரில் தலையில் கட்டியிருந்தார்கள். போட்டியில் ஜெயிக்கிற கோப்பையை மட்டும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

பெரில், கிளாரி ஹாப்வுட்டின் மனைவி. பகலெல்லாம் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை ஆட்களுக்குச் சமைத்துவிட்டு, சாயங்காலம் கராஜில் உட்காருவாள். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அடிப்பக்கத்தைத் தடவுவாள். பலமுறை சுட்ட பித்தளை இழுபட்டு இழுபட்டு அந்த இடத்தில்தான் உள்ளுக்குள் மெலியும். கம்பி லேசாக இடறினால் போதும், கூடு பழைய பெயின்ட் டப்பாவுக்குப் போய்விடும். அதற்கு அப்பீல் கிடையாது.

கிளாரிக்கு வயிறு எரியும். காய்ந்த தேயிலைப் பையை மறுபடி கோப்பையில் போடுகிற கஞ்சன் அவன்.

"பளபளன்னு இருக்கறதப் போய்த் தூக்கிப் போடறியே, பைத்தியமா உனக்கு?"

"வெளிலதான் பளபளப்பு, உன்ன மாதிரி. அங்கயே வெச்சிரு கிளாரி. மூஞ்சில வெடிக்கும்."

ஈஸ்டர் போட்டிக்கு முந்தின நாள் பெரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் மைதானத்தில் கிளாரி சுட்டபோது துப்பாக்கிக்குள் கூடு அடிப்பக்கத்தில் அறுந்தது. சூடான புகை பின்பக்கமாகச் சீறி அவன் முகத்தில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போடாத வீரன். வலது கண் போய்விட்டது.

பார்க்கப் போனவர்களிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னான்: "கூடெல்லாம் பாத்து வெச்சது பெரில்தான். வயசாச்சுல்ல, பாவம்."

பாவமாம்! எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. கராஜில் பெயின்ட் டப்பா காலியாகக் கிடந்ததைப் பெரில் எனக்குக் காட்டியிருந்தாள்.

அடுத்த வாரமே கிளப்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கூட்டுப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துப் போனார்கள். யாரும் திட்டவில்லை. "தப்பா எடுத்துக்காத பெரில்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்கள். திட்டியிருந்தாலாவது அவள் பதில் சொல்லியிருப்பாள்.

கிளாரி வீட்டுக்கு வந்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். அவன் நாற்காலியில் சாய்ந்ததுமே பெரில் கேட்டுவிட்டாள்.

"நான் கழிச்சத டப்பாவுலேர்ந்து பொறுக்கினது நீதான்னு கிளப்புல சொல்லிரு."

"சொன்னா என்னைய முட்டாள்ம்பாங்க. அங்க எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

"எனக்கு?"

"உனக்கென்ன பேரு? நீ என்ன துப்பாக்கி புடிச்சுச் சுட்டியா?"

பெரில் அவன் வலது கண்ணில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு சத்தம் போடாமல் சொன்னாள்:

"இன்னும் ஒரு கண்ணு மிச்சம் இருக்கில்ல? இனிமே உன் தோட்டாவ நீயே அடைச்சுக்க."