முப்பத்தோரு ஆண்கள் வசிக்கும் சந்து

திருச்சி தென்னூரில் எங்கள் சந்து முனையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பெயர் மருதை. இந்தச் சந்தில் உள்ள ஒவ்வொரு ஆம்பளையின் பாஸ்போர்ட்டும் என் மெஷினில் குப்புறப் படுத்து எழுந்திருக்கிறது. யார் தம்மாமில் இருக்கிறார், யார் தோஹாவில், எந்த வருஷம் போனார், விசா எப்போது முடிகிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. மக்கள்தொகை ஆய்வு செய்ய வந்த மகான்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கணக்கைச் சொல்லி அனுப்பியிருப்பேன். கேட்கவில்லை. எனக்குத்தான் முனைவர் பட்டம் இல்லையே. அந்த வயிற்றெரிச்சலில்தான் ரஷீதாவின் கதையை உங்களிடம் சொல்கிறேன்.

ரஷீதாவுக்கு நாற்பத்தைந்து வயது. சந்தில் ஏழாவது வீடு. கணவர் நசுருதீன் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். நிகாஹ் முடிந்த ஐம்பதாவது நாள் விமானம் ஏறியவர், இருபத்துநாலு வருஷத்தில் லீவில் வந்தது எட்டே தடவை. இக்ரா, ஜாவித், அயான் என்று மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுவில் நாலு வருஷம், ஐந்து வருஷம் இடைவெளி. லீவு கிடைத்தால்தானே பிள்ளை? மூன்று பிரசவத்தின்போதும் அவர் ஊரில் இல்லை. ரஷீதாவே பெற்று, வளர்த்து, ஸ்கூலில் சேர்த்து, தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் அதையும் பிரித்து மாட்டினாள். எங்கள் சந்தில் தைரியசாலி யார் என்று கேட்டால் நான் அவளைத்தான் கைகாட்டுவேன்.

அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் கூசாமல் பொய் சொல்வாள். வீட்டில் ஆம்பளை இல்லை என்று வெளியாள் யாரிடமும் ஒத்துக்கொள்ளமாட்டாள். இது அவள் குணம் இல்லை, சந்தின் வழக்கம். மருமகளாக வந்த முதல் வாரமே மாமியார் சொல்லிக்கொடுத்துவிடுவார். சிலிண்டர்காரர் வந்தால், "அவங்க தூங்குறாங்க." கொசு மருந்து அடிக்க வந்தால், "குளிக்கிறாங்க." இன்சூரன்ஸ்காரர் வந்தால், "தொழுகைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்திருவாங்க." திருச்சி ஜில்லாவிலேயே நசுருதீன் அளவுக்குக் குளித்த மனிதர் கிடையாது. தம்மாமில் அவர் அறையில் எட்டுப் பேருக்கு ஒரே குழாய் என்பது வேறு கதை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாத வெயிலில் சுஜா என்ற பெண் கையில் டேப்லெட்டோடு சந்துக்குள் வந்தாள். எடமலைப்பட்டி புதூர்க்காரி. ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் பிழைக்க வெளிநாடு போயிருக்கிறார்கள் என்று அவள் எழுதிக்கொண்டு போவாள். அதை வைத்து அந்தக் குடும்பங்களுக்கு அரசு திட்டம் போடும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

"வீட்ல மொத்தம் எத்தனை பேருக்கா?" என்று சுஜா கேட்டாள்.

"அஞ்சு பேரு," என்றாள் ரஷீதா.

"வெளிநாட்டுல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லயே. இக்ரா அத்தா உள்ளதான் தூங்குறாங்க. எழுப்பவா?"

மணி பகல் பதினொன்றரை. சுஜா ஒன்றும் குழந்தை இல்லை, அவளுக்கும் புரிந்திருக்கும். ஆனால் "வெளிநாட்டில் ஆள் உண்டு" என்று தட்டினால், ஏழாம் பகுதி என்று ஒன்று திறந்து நாற்பத்திரண்டு கேள்விகள் வந்து நிற்கும். இல்லை என்றால் ஒரே தாண்டு. அன்றைக்கு அவள் முப்பத்துச் சொச்சம் வீடு முடித்தாக வேண்டும். "வேணாங்க்கா, தூங்கட்டும்," என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று மதியத்துக்குள் எங்கள் சந்தில் முப்பத்தோரு ஆண்கள் தூங்கினார்கள், குளித்தார்கள், தொழப் போனார்கள். ஏழாம் பகுதி ஒரு வீட்டிலும் திறக்கவில்லை.

மறுவாரம் அதே சுஜா ஸ்ரீரங்கம் போனாள். அங்கே எல்லாம் தலைகீழ். அடுக்குமாடி வீடுகளில் வயதானவர்கள் இரண்டிரண்டு பேராக இருந்தார்கள், பிள்ளைகள் அமெரிக்காவில். இவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். காபி கொடுத்து, பேத்தியின் அரங்கேற்ற வீடியோவைக் காட்டி, நாற்பத்திரண்டு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்லி, "இன்னும் ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றும் விசாரித்தார்கள். பெருமைக்காகச் சிலர் தம்பி பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்துவிட்டதாக சுஜாவே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஆய்வை நடத்தியவர் முனைவர் சித்தார்த்தன். அவருடைய அறிக்கையை ஒரு காலேஜ் பெண் ஸ்பைரல் பைண்டிங்குக்குக் கொண்டுவந்ததால் நானும் படித்தேன். தென்னூர்ப் பக்கத்தில் வளைகுடா வேலை அநேகமாக முடிந்த அத்தியாயம், ஆண்கள் ஊர் திரும்பிக் குடும்பத்தோடு வாழ்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கணவன் மனைவி ஒரே வீட்டில் இருந்தும் பிள்ளைகளுக்கு நடுவே நாலைந்து வருஷ இடைவெளி விடுவது குடும்ப நலப் பிரசாரத்துக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி என்றும் எழுதியிருந்தார். மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள் வந்தன, சிரிப்பு அடங்கிவிட்டது. தென்னூரில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்ப உதவி மையத்தை, தேவை அதிகமுள்ள ஸ்ரீரங்கத்துக்கு மாற்றலாமாம். தென்னூரில் அதே கட்டடத்தில், ஊர் திரும்பிய ஆண்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கலாமாம்.

அரசாங்கம் எந்த அறிக்கையையும் படிப்பதில்லை என்று நாம் குறை சொல்வோம். இதைப் படித்துவிட்டது. நாலே மாதத்தில் போர்டு மாறியது. பயிற்சி கொடுக்க இரண்டு வாத்தியார்கள் வந்து உட்கார்ந்தார்கள். படிக்க வேண்டிய ஆண்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருந்ததால் யாரும் வரவில்லை.

போன வருஷம் ஆகஸ்டில் நசுருதீனின் முதலாளி கம்பெனியை மூடிவிட்டுக் காணாமல் போனார். பாஸ்போர்ட் முதலாளியின் கையில், தங்கும் அனுமதி காலாவதி. காலில் சர்க்கரைப் புண் வேறு. ஆஸ்பத்திரியில் காகிதம் கேட்டார்கள், காகிதம் இல்லை. உதவி மையத்திலிருந்து தூதரகத்துக்கு ஒரு கடிதம் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதம் தாமதமானால் கால் போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

ரஷீதா ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். அவளுக்கு முன்னால் நின்ற தம்பதி, மகள் பிரசவத்துக்குச் சிகாகோ போகும்போது ஊறுகாய் எடுத்துப்போகலாமா என்று கால் மணி நேரம் கேட்டார்கள். மையத்தின் எழுத்தர் பொறுமையாகப் பதில் சொன்னார். ரஷீதாவின் முறை வந்ததும் கம்ப்யூட்டரில் சுஜா எழுதிப்போன கணக்கைப் பார்த்தார்.

"உங்க வீட்ல யாரும் வெளிநாட்டுல இல்லன்னு இருக்கேம்மா. உங்க வீட்டுக்காரர் உங்ககூடத்தான் இருக்காரு."

"நான்தாங்க அப்படிச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். இந்தாங்க, அவங்க பாஸ்போர்ட் ஜெராக்ஸ்."

"ஜெராக்ஸ் செல்லாதும்மா. உங்ககூட இல்லன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

அப்படி ஒரு சர்ட்டிபிகேட் உலகத்தில் இல்லை. இருப்பது ஒன்றே ஒன்று. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழ். அந்தப் படிவத்தை என் கடையில்தான் நிரப்பினாள். கைவிடப்பட்ட தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தாள். "மாசம் தவறாம போன் பண்றவங்க. இதை எழுதினா அல்லாஹ் என்னை மன்னிப்பானாண்ணே?" என்றாள். அப்புறம் அவருடைய காலை நினைத்துக்கொண்டு எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு ஓர் அலுவலர் வந்தார். இவள் வீட்டில் கேட்டுவிட்டு அக்கம்பக்கத்திலும் கேட்டார். பக்கத்து வீட்டு ருக்ஸாருக்கு ரஷீதா என்றால் உயிர். எவனோ ஒரு ஆபீசர் வந்து, ரஷீதாவைப் புருஷன் விட்டுவிட்டுப் போனானா என்று கேட்டால் சும்மா இருப்பாளா? "யாரு சொன்னா? தங்கமான மனுசன். இப்பத்தான் தொழுகைக்குப் போனாங்க!" என்று அடித்துச் சொன்னாள். எதிர் வீட்டில் அவர் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில் தூங்குவதாகச் சொன்னார்கள். மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அத்தனை பேருக்கும் பெருமை. விண்ணப்பம் தள்ளுபடி.

தகவல் வந்த மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் வரும் நேரம், எல்லாப் பெண்களும் வெளியே இருக்கும்போது ரஷீதா சந்தின் நடுவில் வந்து நின்றாள். தலையிலிருந்து துப்பட்டா நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்ல ஆம்பள இல்ல!" என்று கத்தினாள். "தூங்கல, குளிக்கல, எங்கயும் போகல. இருபத்துநாலு வருஷமா இங்க இல்லவே இல்ல! இனிமே எவளாச்சும் இருக்காங்கன்னு சொன்னீங்கன்னா, அவங்க கால் போறதுக்கு நீங்கதான் பொறுப்பு!"

குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் எடுக்கவில்லை. ருக்ஸார்தான் முதலில் அழுதாள். "எங்க வீட்லயும் இல்லக்கா," என்றாள். அப்புறம் எதிர் வீடு, அப்புறம் கடைசி வீடு. இந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி அவர்கள் யாரும் பழகியதே இல்லை. நான் கடையைத் திறந்து, என்னிடம் இருந்த பாஸ்போர்ட் நகல்களையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை மனு நாளில் முப்பத்தோரு பெண்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். தூதரகத்துக்குக் கடிதம் அந்த வாரமே கிளம்பியது.

சித்தார்த்தன் நேரிலேயே வந்துவிட்டார். "அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமேம்மா? எவ்வளவு பெரிய ஆய்வு பாழாச்சு!" என்று ரஷீதாவிடம் வருத்தப்பட்டார்.

"சொன்னா ரேஷன் கார்டுல பேரை எடுப்பீங்க. வீட்ல பொம்பளைங்க மட்டும்தான்னு ஊருக்கே தெரிஞ்சு எவனாச்சும் வந்து கதவைத் தட்டினா, யாரு சார் பதில் சொல்றது? உங்க டேப்லெட்டா?"

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அவருடைய அடுத்த அறிக்கையும் என் கடைக்கு வந்தது. தென்னூரில் ஒரே வாரத்தில் முப்பத்தோரு குடும்பத் தலைவர்கள் ஒட்டுமொத்தமாக வெளிநாடு போயிருக்கிறார்களாம். குடும்பச் சண்டை காரணமாக இருக்கலாமாம். மனைவிமார்களுக்கு ஆலோசனை வகுப்பு நடத்த வேண்டுமாம். நான் பைண்டிங்கில் இரண்டு பக்கத்தைத் தலைகீழாகப் போட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

கடிதம் போன ஐம்பத்திரண்டாவது நாள் நசுருதீன் வந்து சேர்ந்தார். கால் பிழைத்தது, வலது காலில் மூன்று விரல்கள் இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்து, அவருடைய பெட்டியை நான்தான் வீட்டுக்குள் வைத்தேன். சந்தே வாசலில் நின்றது. ரஷீதா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பாய் விரித்தாள், ஃபேன் போட்டாள், சமையலறைக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டே இருந்தாள்.

நசுருதீன் கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். விருந்துக்கு வந்தவர் கேட்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"குடிக்கத் தண்ணி எங்க வச்சிருப்பீங்க?"

வாட்டர் கேன் மாடிப்படிக்கு அடியில் இருக்கும். எனக்குத் தெரியும், ருக்ஸாருக்குத் தெரியும், கேன் போட வருகிற ஆளுக்கும் தெரியும். ரஷீதா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.