மாதா கோயிலில் கீர்த்தனா

கவரைப்பேட்டை பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சென்ற ஆண்டு நடந்த இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஏழாம் வகுப்பு கீர்த்தனா மூன்று நாட்களாக மதிய வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். நான்காம் நாள் தேடிப் போனேன். பள்ளிக்குள் இருக்கும் சிறிய மாதா கோயிலில், நெற்றியில் விபூதியோடு முழங்காலிட்டிருந்தாள். அன்று கணக்குப் பரீட்சை. பயந்து ஒளிந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நீ வேற சாமி கும்புடுறவ. உனக்கு இங்க இன்னா வேலை? கிளாஸ் கட் அடிக்க மாதா கோயில்தான் கெடச்சுதா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. கும்மிடிப்பூண்டி ஆலையில் உருகிய இரும்பு சிந்தி, ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்த அவள் அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னார்கள்.

துக்கம் கேட்கப் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எல்லா சாமியையும் வேண்டிக்கினேன் டீச்சர். உங்க மாதா கிட்டயும் டெய்லி வேண்டிக்கோன்னு இவகிட்ட சொன்னேன். கடைசி நாளு கூட கேட்டேன், வேண்டிக்கினியாடின்னு. நல்லா வேண்டிக்கினேம்மான்னா."

அருகில் இருந்த கீர்த்தனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறாள். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இன்னும் கேட்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.