சிவதாணு உடைக்கும் தேங்காய்

விமானத்தைத் தரையில் அடித்தவன் நான். என் மனைவியின் தம்பி சிவதாணு அல்ல. அவன் கை அதில் படவே இல்லை... அது எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது!

நான் யாரென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயைச் சாக்கு விரித்து விற்றவன். இன்று எனக்குச் சொந்தமாக எண்ணெய் ஆலை உண்டு. பத்தாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன், ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கினேன். எங்கள் ஊர் கரமனையில் வேறு எவன் வாங்கினான், சொல்லுங்கள்!

ஓட்டுவது பெரிதல்ல. இறக்குவதுதான் வித்தை. தரை நெருங்கும்போது மூக்கை மெல்லத் தூக்கிக் கொடுக்க வேண்டும். எந்த உயரத்தில்? அது புத்தகத்தில் இல்லை ஐயா, கையில் இருக்கிறது. வாராவாரம் இறக்கினால் நிற்கும். விட்டுவிட்டால் சொல்லாமல் போய்விடும். போனது நமக்குத் தெரியாது என்பதுதான் அதிலுள்ள விஷம்.

விமானத்தை அடித்த அந்த ஆண்டு இடவப்பாதி மழைக்காலம் முழுவதும் நான் விமானத்தைத் தொடவில்லை. இரண்டாவது ஆலை வேலை. மழை விட்டதும் பறக்கும் கிளப்புக்குப் போனேன், சிவதாணுவையும் இழுத்துக்கொண்டு.

ஏன் அவனை? அவன் பி.காம். ஒரு கல்யாண வீட்டில் நான் பேசிய இங்கிலீஷை எல்லார் முன்னாலும் திருத்தினான். பணிவாகத்தான் திருத்தினான்... அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உயரம் என்றால் அவனுக்கு நடுக்கம். மொட்டை மாடி ஓரம்கூடப் போகமாட்டான். அவன் அலறுவதைக் கேட்க ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை!

"அத்தான், எனக்குப் பேடியா, பயமா இருக்கு. நான் கீழ நிண்ணு பாக்கேன்."

"ஏறுடே, பேடித்தொண்டா! பி.காமுக்கு மேலயும் வானம் இருக்குன்னு நீயும் பாரு."

பயிற்சி தரும் பெண் ஓடி வந்தாள். மலையாளப் பெண், என் மகள் வயது.

"அங்கிள், மழை கழிஞ்சு இப்பத்தானே வாறீங்க? என்கூட ரெண்டு தடவை இறக்கிப் பாத்துட்டு, அப்புறம் ஆளை ஏத்தலாம், கேட்டோ?"

"போன வாரந்தான் மோளே, கோயம்புத்தூர்ல கூட்டாளி விமானத்த இறக்கிட்டு வந்தேன்."

பொய். என் நரைத்த தலைக்கு மரியாதை கொடுத்து நம்பினாள்.

மேலே போனதும் அவன் அலறவில்லை. கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் இடுப்பு பெல்ட்டைப் பற்றிக்கொண்டு, முருகா முருகா என்று முணுமுணுத்தான். எனக்கு ஏமாற்றம். விமானத்தை ஒரு பக்கம் செங்குத்தாகச் சாய்த்தேன். அப்போதும் முருகாதான்.

கடல் பக்கமிருந்து இறங்கினேன். மூக்கைத் தூக்கினேன்... சீக்கிரம்! ஒரு மாடி உயரத்திலேயே தூக்கிவிட்டேன். வேகம் செத்தது. தேங்காய் மூட்டையைப் போல விழுந்தோம். முன்சக்கரம் ஒடிந்து, மூக்கு தரையை உரசிக்கொண்டே போய் நின்றது. அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை.

ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சின்ன விமானத்தில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் மூக்கைத் தூக்கும் பிடி ஒன்று உண்டு. ஒன்றை இழுத்தால் மற்றதும் இழுபடும். அவர்கள் வந்து சேருவதற்குள் என் வியாபார மூளை வேலையை முடித்துவிட்டது.

"ஏண்டே அதப் பிடிச்சு இழுத்தே?"

அவன் கண்ணைத் திறந்தான். முன்னால் இருந்த பிடியை வெறித்தான்.

"நானா... இழுத்தேனா அத்தான்?"

"பின்னே, உங்க அக்காவா வந்து இழுத்தா?"

அவன் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. நம்பினான்! "உங்களயும் கொல்லப் பாத்தேனே அத்தான்" என்று தேம்பினான்.

பெல்ட்டிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவள் அந்தப் பெண்தான்.

"அங்கிள், கை ரெண்டும் பெல்ட்டில அல்லே இருந்தது?"

நான் வாய் திறக்குமுன் அவனே சொன்னான்: "இழுத்துட்டுத் திரும்பவும் பிடிச்சிருப்பேன், மேடம்." எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா!

அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அருகில் போய்ச் சொன்னேன்: "கோயம்புத்தூர் கதைய நம்பி என்னை ஏத்திவிட்டது யாரு மோளே? அதையும் எல்லார்ட்டயும் சொல்லட்டா?" தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன்பிறகு நான் பறப்பதை விட்டதே இல்லை. சனிக்கிழமை தவறாது. மழைக்காலம் முடிந்தால் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்து இறக்கிப் பார்க்காமல் யாரையும் ஏற்றமாட்டேன். புதிதாகக் கற்க வருகிறவர்களுக்குப் புத்தி சொல்வதும் நான்தான்: "கை துருப்பிடிக்க விடாதீங்கடே! பக்கத்துல இருக்கவன் கையயும் நம்பாதீங்க!" சிரிக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட பாடம் கற்றிருக்கிறேன், பாருங்கள்... அவன் எலும்பில்!

சிவதாணு அன்றோடு ஸ்கூட்டரை விற்றுவிட்டான். அடுப்பருகே போகமாட்டான். போன மாதம் அவன் பேத்திக்குப் பெயர் வைத்தார்கள். குழந்தையை மடியில் வைக்க மகள் வந்தபோது, கைகள் இரண்டையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டான்.

"வேண்டாம் மக்கா. பயம் வந்தா என் கை என்ன செய்யும்னு எனக்கே தெரியாது."

கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும்... ஒரே ஒரு வார்த்தை!

"குடுக்காதீங்க, குடுக்காதீங்க! பிள்ளையையும் பிடிச்சு இழுத்துருவான்!" என்றேன்.

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கை வெளியே வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? பொய்யும் விமானம் மாதிரிதான் போலிருக்கிறது. விடாமல் ஓட்டினால் கை பதமாகிவிடுகிறது.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லமாட்டேன். சொன்னால், ஒன்றுமில்லாமல் வந்து உயர்ந்தவன் என்று ஊர் சொல்கிறதே, அந்தப் பெயர் என்னாவது? இதைப் படித்து நீங்கள் காறித் துப்பினாலும் சரி, சொல்லமாட்டேன் என்பதையும் எழுதாமல் விட்டால் இதுவும் பொய்யாகிவிடும்.

சனிக்கிழமைகளில் நான் பறக்கப் போகுமுன், செய்யாத பாவத்துக்குப் பரிகாரமாகவும் என் உயிருக்குக் காவலாகவும் சிவதாணு பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைக்கிறான். என் ஆலைத் தேங்காய்தான். காருக்குள் இருந்தபடி அந்தக் கையைப் பார்ப்பேன். ஆடாது. ஒரே வீச்சு... சரியாகப் போய்ச் சிதறும்.

பிறகு வந்து கண்ணாடி அருகே குனிவான்.

"சூக்ஷிச்சு, பாத்துப் போயிட்டு வாங்க, அத்தான்."

நாளை சனிக்கிழமை.