எங்கள் வீட்டுப் பாம்பு ஏன் செத்தது

எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

என் மகள் வளர்த்த பாம்பு ஒரு மார்கழி மாதத்துக் காலையில் செத்துக் கிடந்தது. கோர்ன் ஸ்நேக் என்பார்கள். விஷம் கிடையாது. செம்மஞ்சள் நிறம், என் கை நீளம் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பாம்பா என்று எங்கள் சனம் மூக்கில் விரலை வைத்தது. பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தில், வில்லரேப் பக்கம் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் நாய் வளர்க்க வீட்டுக்காரன் விடமாட்டான். பாம்பு குரைக்காது, அவ்வளவுதான் விஷயம். எனக்கும் முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவரோடும் ஒட்டாத பிள்ளை, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருந்து பிரெஞ்சில் வாய் ஓயாமல் கதைப்பதைப் பார்த்த பிறகு அருவருப்புப் போய்விட்டது.

அன்று காலை பாம்பு பாதி வயிறு தெரியப் புரண்டு கிடந்தது. மகள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான்தான் அம்மா செய்தனான்," என்றாள்.

எலியைத் தின்னக் கொடுத்தால் இரண்டு நாளைக்குப் பாம்பைத் தூக்கக்கூடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முதல் நாள் பின்னேரம், பாம்பு எலியைத் தின்று முடித்த கையோடு, வகுப்பில் புதிதாகச் சிநேகமான பிள்ளைக்கு வீடியோவில் காட்டவென்று அதைத் தூக்கிக் கழுத்தில் போட்டிருக்கிறாள்.

நான் மிருக வைத்தியசாலைக்கு ஃபோன் எடுத்தேன். வெட்டிப் பார்த்தால் காரணம் தெரிய வாய்ப்பு உண்டு, நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உறைந்தால் உள்ளுறுப்பெல்லாம் பழுதாகிவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும் என்றும் சொன்னார்கள். பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டு, பையால் சுற்றி, கீழ்த்தட்டில் வைத்தேன்.

"நாளைக்கு டொக்டர் பாத்துச் சொல்லுவா. உன்னால இல்லையெண்டு அவ சொன்னா நம்புவியோ?"

"ஓம்," என்றாள். நான் சொல்வதை நம்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். டொக்டர் சொன்னால் நம்புவாள்.

நான் வேலைக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தால் வரும் மகளைப் பார்த்துக்கொள்ள வழக்கம்போல என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து வந்தார். தேத்தண்ணிக்குப் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர் டப்பாவையும் திறந்திருக்கிறார். நான் வீடு திரும்பியபோது கீழ்த்தட்டு மஞ்சள் தண்ணீரால் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

"பாம்பு எங்க மச்சாள்?"

"நாகதம்பிரானைக் கறியோட ஃப்ரிட்ஜுக்க வச்சிருக்கிறீரே? வெள்ளைத் துணியில சுத்தி, பால் வாத்து, ஆத்தில விட்டிட்டம். தம்பிதான் கார் ஓடினவன்."

தம்பி என்பது என் கணவர். கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். "அக்கா சொன்னா. நான் என்ன செய்யிறது?" என்றார். அஹுன்ட்சிக் பக்கம், ஆறு இன்னும் உறையாத இடமாகத் தேடிப் போயிருக்கிறார்கள். பால் வாங்கிக்கொண்டு வா என்றால் மறந்துவிட்டு வருகிற மனுசன், பாம்புக்குப் பால் வார்க்க அவ்வளவு தூரம் கார் ஓடியிருக்கிறார்.

"நாளைக்கு வெட்டிப் பாக்கிறதுக்கு வச்சிருந்தனான்!" என்று கத்தினேன்.

"வெட்டுறதோ? பொம்பிளைப்பிள்ளை இருக்கிற வீடு. நாகதோசம் பிடிச்சா நாளைக்கு ஆர் அவளைக் கட்டுவினம்?"

பத்து வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை! அந்தப் பாம்பு உயிரோடு இருந்த காலம் முழுவதும் அந்த அறை வாசலைக்கூட மிதிக்காதவர் இவர். கடையில் வாங்கிய அமெரிக்கப் பாம்பு செத்த பிறகு கோயிலில் கும்பிடுகிற நாகதம்பிரானாகிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் தடியால் முகட்டைத் தட்டும்வரை கத்தினேன். மச்சாள் கோட்டைப் போட்டுக்கொண்டு, எனக்கு வேலையால் வந்த களைப்பு என்று தம்பிக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் வெறுங்கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனேன். இளம் பெண். என்னோடு ஆங்கிலத்தில் பொறுமையாகக் கேட்டார். பெட்டியில் சூடு எவ்வளவு வைப்பீர்கள்? வீட்டில் புகை போடுவீர்களா? பூச்சி மருந்து அடித்தார்களா? வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும், எங்களுக்குச் சொல்லாமல் வீட்டுக்காரன் பக்கத்து வீட்டில் அடித்த மூட்டைப்பூச்சி மருந்தையும் சொன்னேன். அதுவாகவும் இருக்கலாம் என்றார். இதயமாக இருக்கலாம், உள்ளே புழுவோ கிருமியோ இருந்திருக்கலாம், பெண் பாம்பென்றால் முட்டை சிக்கியிருக்கலாம். பாம்பு நோயை வெளியே காட்டாது, சாவதற்கு முதல்நாள்கூட இரை தின்னும் என்றார்.

தின்ற பிறகு தூக்கியதால் செத்திருக்குமா என்று கேட்டேன். அப்படித் தூக்கினால் பெரும்பாலும் தின்றதைக் கக்கிவிடும், அதனால் சாவது மிக அரிது என்றார். மகள் நிமிர்ந்து உட்கார்ந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். வைத்தியர் கொஞ்சம் யோசித்துவிட்டு மெல்லப் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பாஷை விளங்கவில்லை.

"என்னவாம்?" என்று மகளிடம் கேட்டேன்.

"பாம்பு இல்லாம இனி ஒருநாளும் தெரியவராதாம்."

பொய் சொல்லத் தெரியாத வைத்தியர், அன்றைக்கு மட்டும் ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை மச்சாள் ஒன்றும் நடக்காததுபோல வந்தார். கோயில் பிரசாதம் கொண்டுவந்திருந்தார். பிள்ளையைக் கூப்பிட்டு நெற்றியில் திருநீறு பூசினார்.

"உன்ர பேரில அர்ச்சனை செய்தனான் குஞ்சு. நாகதம்பிரான் உன்னை மன்னிச்சிடுவார்."

அவள் பாம்பைத் தூக்கிய கதையை நான் மச்சாளிடம் மூச்சுவிட்டதில்லை. மகள் தன் மாமி படியிறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, நான்தான் பாம்பைச் சாக்காட்டினனான் எண்டு மாமிக்கு ஆர் சொன்னது?"