மூன்று கேமராவும் ஒரு கறவை மாடும்

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். வளர்த்த மாடுகளுக்குக் கணக்கு இல்லை. பெயர் பழனாத்தாள், ஊர் மலையாளத்து எல்லையில் வடகரப்பதிப் பக்கம். படிப்பு என்று கேட்டால், கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டு தமிழில் இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மலையாளத்தில் இருந்தால் கண்டக்டரைக் கேட்பேன்.

என் வேலை மாடு பார்ப்பது. பால் சொசைட்டியில் பால் ஊற்றுகிற பெண்கள் மாடு வாங்கப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சந்தையோ தோட்டமோ, நான் பார்த்துத் தலையசைத்தால் அச்சாரம் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் வெறுங்கையோடு பஸ் ஏறுவோம். தரகு வாங்க மாட்டேன். கன்று ஈன்றால் முதல் சீம்பாலில் ஒரு சொம்பு வீட்டுக்கு வரும். அதுதான் கூலி. நான் பார்த்துக் கொடுத்த மாட்டைத் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டினோம் என்று இந்தப் பஞ்சாயத்தில் ஒருத்தியும் சொன்னதில்லை. இதைக் கொஞ்சம் கர்வமாகவே சொல்கிறேன்.

1. இடுப்பு போன பிறகு

மாட்டுக் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. ஆறிய பிறகும் டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், பஸ்ஸும் ஆகாது, சந்தை நெரிசலும் ஆகாது என்று. தடி ஊன்றி வீட்டைச் சுற்றி நடக்கலாம், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் பெண்கள் தரகர் சின்னச்சாமியோடு மாடு பார்க்கப் போக ஆரம்பித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் விற்கிறவரும் அவனுக்குத் தருவார், வாங்குகிறவளும் தருவாள். இரண்டு பக்கமும் சாப்பிடுகிற வாய்க்கு ஒரு பக்கத்துக்காகப் பேச வராது.

ஒருநாள் கனகமணி வந்தாள். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்து மருமகள். அவள் வீட்டுக்காரன் தென்னை மரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தான். இருந்த ஒரு மாடும் வற்றிவிட்டது. அதை விற்று, நகையையும் அடகு வைத்து, ஒரு கறவை மாடு வாங்க வேண்டும். அதன் பால்தான் இனி அந்தக் குடும்பத்துக்குச் சோறு.

"வியாழக்கிழமை ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல பாக்கப் போறோமுங்காத்தா. சின்னச்சாமி கூட்டீட்டுப் போறாரு. நீங்க வந்தா எனக்குத் தெகிரியமா இருக்கும்."

"இந்த இடுப்ப வெச்சுட்டு நான் எப்பிடி அம்மிணி வர்றது?"

"இந்த ஒண்ணு தப்பிப் போச்சுன்னா என்ர பொழப்பே போச்சுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.



2. கறந்து பார்க்காமல் ஓட்டி வருவதில்லை

ஞாயிற்றுக்கிழமை மகன் முருகேசன் கோயமுத்தூரிலிருந்து வந்தான். கம்பெனியில் வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெரிய போனா ஒண்ணு வாங்கித் தர்றேன்மா. ஊட்டுல இருந்தே மாட்டப் பாரு" என்றான்.

"மாட்டப் போன்ல பாக்கறதா? பொண்ணையே போன்ல பாத்துப்போட்டு ஏமாந்து கெடக்கறாங்க."

"எங்க கம்பெனில மெஷினையே வீடியோவுல பாத்து ரிப்பேர் சொல்றாங்கம்மா."

"உங்க மெஷினுக்குக் காம்பு இருக்குதாடா?"

என்னோடு வீட்டில் இருக்கிற மருமகள் செல்விக்கும் இதில் இஷ்டமில்லை. "அத்தைக்குப் பட்டன் போனே போதுங்க. போன வருசம் அதையே தவிட்டுத் தொட்டியில போட்டுட்டாங்க. செவலை மாடு அதை நக்கீட்டு நின்னுச்சு" என்றாள். நடந்ததுதான், மறுக்க முடியாது.

ஒருத்தன் வேண்டும் என்கிறான், ஒருத்தி வேண்டாம் என்கிறாள். பொருளைப் பார்க்காமல் நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது? "காரை எடு, பக்கத்து ஊர்தானே, மெல்லப் போய்ப் பார்ப்போம்" என்றேன்.

கொழிஞ்சாம்பாறையில் ஷீபா என்ற பெண்ணின் கடை. முருகேசன் நேராக விலை கூடின போனுக்குப் போனான். ஷீபா மலையாளமும் தமிழும் கலந்து அதன் பெருமையைப் பாடினாள்.

"அம்மே, இதுல மூணு கேமரா உண்டு. நிலாவைக்கூட கிட்டத்துல எடுக்கலாம். முகத்துச் சுருக்கம் எல்லாம் தன்னாலே போயிரும்."

"சுருக்கம் போனா என்னை எங்கூட்டு மாட்டுக்கே அடையாளம் தெரியாது. நாலு நாளு வெச்சுப் பாத்துட்டு வாங்கிக்கட்டுமா?"

"பெட்டியத் திறந்தா திருப்பி எடுக்க மாட்டோம் அம்மே."

"ரெண்டு நேரம் கறந்து பாக்காம நாங்க மாட்ட ஓட்டீட்டு வர்றதில்ல கண்ணு."

ஷீபா சிரித்துவிட்டு, பார்வைக்கு வைத்திருந்த போன்களை எடுத்துப் போட்டாள். இதில் எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். முருகேசன் தன் சிம்மை ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டான். வீட்டிலிருந்த செல்வியைக் கூப்பிட்டு, செவலையை அவிழ்த்து நடக்க விட்டு வீடியோவில் காட்டச் சொன்னேன்.

செவலை எங்கள் வீட்டு மாடு. கன்றாக இருந்தபோது முள்வேலியில் சிக்கியதால் அதன் இடது பின்னங்காலில் ஒரு சின்ன இழுப்பு உண்டு. தெரியாதவர் பார்த்தால் தெரியாது. அந்த இழுப்பை எந்தப் போன் என் கண்ணுக்குக் காட்டுகிறதோ, அது எந்த மாட்டின் குறையையும் காட்டும். இதுதான் நான் வைத்த பரீட்சை.

முதலில் விலை குறைந்த சின்னப் போன். அதில் செவலை கொலுவில் வைத்த பொம்மை அளவுக்கு இருந்தது. கால் எது வால் எது என்றே பிடிபடவில்லை. அடுத்து அந்த மூன்று கேமராப் போன். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓரமெல்லாம் வளைந்து வழவழவென்று சோப்புக்கட்டி மாதிரி. உள்ளங்கை எங்கேயோ பட்டு, செல்வி மறைந்து போனாள். மறுபடி கூப்பிட்டோம், மறுபடி மறைந்தாள்.

"மெல்லப் பிடிக்கணும் அம்மே, விரல் நுனியில."

"காலம் பூராக் காம்பு புடிச்ச கை இது. நுனி விரல்ல புடிச்சுப் பழக்கமில்ல."

கடைசியாக ஓரத்தில் கிடந்த ஒன்றைக் கேட்டேன். தட்டையாக, அகலமாக, செங்கல் மாதிரி கனம். ஷீபா முகம் சுளித்தாள். "அது போன வருஷத்து மாடல் அம்மே. கேமரா அத்தனை போராது." அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். செல்வி மறையவில்லை. செவலை நடந்தது. இடது பின்னங்கால் தரையை விட்டு எழும்போது ஒரு இமைப்பொழுது தயங்கியது. பார்த்துவிட்டேன். அது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கடை முழுக்கக் கேட்டது.

"இதைக் குடு" என்றேன்.

"அம்மா, இதுல கேமரா சுமார்தான்" என்றான் முருகேசன்.

"செல்வி இப்ப எந்தப் போன்ல இருந்து காட்டறா?"

"அவ போன்ல இருந்து."

"அப்ப நல்ல கேமரா மாட்டுக்கிட்ட நிக்கறவ கையில இருக்கோணுமா, இங்க உக்காந்து பாக்கறவ கையில இருக்கோணுமா?"

முருகேசன் பர்ஸை எடுத்தான். ஷீபா கை தட்டினாள். "அம்ம கொள்ளாமே!" என்று மலையாளத்தில் மெச்சிக்கொண்டே ரசீது போட்டாள். போன் முகப்பில் இருந்த கண்ட கண்ட பொம்மைப் படங்களையெல்லாம் எடுத்துவிடச் சொன்னேன். எனக்கு வேண்டியவர்களின் முகங்களை மட்டும் பெரிதாக வைத்துக் கொடுத்தாள். முகத்தைத் தொட்டால் ஆள் வருவார். எழுத்துக்கு அங்கே வேலை இல்லை.

3. ஆனைமலைத் தோட்டம்

வியாழக்கிழமை கனகமணி புதுக் கயிறு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கள் பக்கம் விற்கிறவர்கள் கயிற்றை மாட்டோடு தர மாட்டார்கள், வாங்குகிறவள்தான் கொண்டுபோக வேண்டும். அவள் போனில் கண்ணாடி உடைந்திருந்ததால் செல்வி தன் போனைக் கொடுத்தனுப்பினாள். "அச்சாரம் குடுக்கறதுக்கு முந்தி என்னைக் கூப்புடு. நான் சரின்னு சொல்லாம கயித்த வெளிய எடுக்காத" என்று சொல்லி அனுப்பினேன்.

வெயில் ஏறினபோது மணி அடித்தது. எடுத்துப் பழக்கத்தில் காதில் வைத்துக்கொண்டேன்.

"ஆத்தா, உங்க தோடுதான் தெரியுதுங்க! மூஞ்சிக்கு முன்னால புடியுங்க!"

பிடித்தேன். நல்ல உயரமான கருப்பு வெள்ளைக் கலப்பு மாடு. பக்கத்தில் சின்னச்சாமி தோளில் துண்டோடு நின்றான்.

"பாருங்காத்தா, ரெண்டாம் ஈத்து! மடியப் பாருங்க, கொடத்தாட்டம் இருக்குது!"

"மடி இருக்கட்டும். நடக்க விடு."

"நல்லா நடக்குமுங்க. நீங்க இந்த வயசுல எதுக்கு இத்தனை சிரமப்படறீங்க?"

"உக்காந்துட்டு இருக்கறேன் சாமி, ஒரு சிரமமும் இல்ல. நடக்க விடு."

நடந்தது. கால்கள் சுத்தம். தண்ணீர் காட்டச் சொன்னேன், குடித்தது. திருப்பச் சொன்னேன், திரும்பியது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கனகமணியின் கை இடுப்பில் செருகிய கயிற்றுக்குப் போனதைப் பார்த்தேன்.

"அம்மிணி, பொறு. நீயே உக்காந்து கற. போனப் பால் போசிக்குப் பக்கத்துல வெய்யி."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்களே?"

"படம் வேண்டாம். சத்தம் போதும்."

போனைத் தரையில் வைத்தாள். எனக்கு மாட்டின் வயிறும் தகரக் கூரையும் மட்டும் தெரிந்தன. கண்ணை மூடிக்கொண்டேன். முன்காம்பு இரண்டும் சொர் சொர்ரென்று போசியின் அடியில் விழுந்தன. பின்னால் இடது காம்பும் அப்படியே. வலது காம்புக்கு மாறினதும் சத்தம் மெலிந்தது. சிர்... அப்புறம் ஒரு இடைவெளி. மறுபடி சிர்.

"அதையே இன்னொருக்கா கற."

கறந்தாள். அதே மெலிந்த சத்தம்.

"சின்னச்சாமி, அந்தக் காம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க, கன்னு இப்பத்தான் ஊட்டிக் குடிச்சுட்டுப் போச்சுங்க. அதுதான்."

"கன்னு ஊட்டியிருந்தா, கொடத்தாட்டம் மடி எங்கிருந்து சாமி வந்துச்சு?"

 அந்தப் பக்கம் யாரோ ஓங்கிச் சிரிப்பது கேட்டது. கனகமணி போனைத் தூக்கினாள். சிரித்தவர் மாட்டுக்குச் சொந்தமான தோட்டக்காரர். "தரகரே, மாட்டிக்கிட்டீரு! அந்தம்மா எங்கிருந்து பேசறாங்க?" என்றார். பிறகு என்னிடமே சொன்னார்: "ஒரு காம்பு அடைப்புத்தானுங்க. மறைக்கச் சொன்னது நானில்லீங்க."

4. கருப்பி

நான் போனை வைத்துவிடவில்லை. மாட்டை நடக்க விட்டபோது பின்னால் வேப்ப மரத்தடியில் ஒரு கருப்பு மாட்டைப் பார்த்திருந்தேன். இத்தனை கூச்சலிலும் அது அசை போடுவதை நிறுத்தவில்லை. கன்று காலடியில் படுத்திருந்தது. நிம்மதியாக அசை போடுகிற மாடு வயிறும் மனசும் சரியாக இருக்கிற மாடு.

"அந்தக் கருப்பு மாட்டக் காட்டுங்க."

"அது ஊட்டுப் பாலுக்குங்க. விக்கறதில்லீங்க" என்றார் தோட்டக்காரர்.

"ஊட்டுக்காரம்மாவக் கூப்புடுங்க, ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

என் வயதையொத்த அம்மாள் ஒருத்தி வந்தாள். போனை எட்டத்தில் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கனகமணியின் வீட்டு நிலையைச் சொன்னேன். அவள் கட்டுத்தரை எவ்வளவு சுத்தம் என்பதையும் சொன்னேன். அந்த அம்மாள் வேப்ப மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கருப்பி என்ர கையில வளந்ததுங்க. அடிக்க மாட்டாங்களே?"

"அவ ஈயை ஓட்டறதுக்கே யோசிப்பா."

"நல்லா இருக்குதா இல்லியான்னு எனக்கெப்பிடித் தெரியறது?"

"இப்ப நம்ம ரெண்டு பேரும் எப்பிடிப் பாத்துக்கறோம்? அப்பிடித்தான். எப்ப வேணும்னாலும் கூப்புடுங்க, கருப்பியவே உங்ககிட்டக் காட்டச் சொல்றேன்."

அந்த அம்மாள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. கருப்பியைக் கறந்து காட்டினார்கள். நாலு காம்பும் ஒரே சத்தம். நான் சரி என்றேன், விலையும் படிந்தது. கிழக்குப் பார்த்து நின்று பழைய கயிற்றை அவிழ்த்தார்கள். கனகமணி புதுக் கயிற்றைக் கட்டிவிட்டு அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்ததும் போனில் தெரிந்தது.

கருப்பி வந்த மறுநாள் காலையிலிருந்து கனகமணி சொசைட்டியில் முன்வரிசையில் நின்று பால் ஊற்றுகிறாள். அவள் வீட்டுக்காரனும் இப்போது எழுந்து உட்கார்ந்து புல் நறுக்கிப் போடுகிறான். ஆனைமலை அம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டுக் கருப்பியிடம் பேசுகிறாள். அதுவும் காதை ஆட்டுகிறது.

பெண்கள் இப்போது எந்த ஊர்ச் சந்தையில் நின்றாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு காலையில் பொள்ளாச்சியையும் மதியத்தில் அந்தியூரையும் கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்த நாளும் உண்டு. இடுப்பு நன்றாக இருந்த காலத்தில்கூட இது முடிந்ததில்லை. போன மாதம் சின்னச்சாமியே கூப்பிட்டான். தன் மகளுக்குச் சீர் மாடு வாங்க வேண்டுமாம். "நடக்க விடு" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் நடக்க விட்டான்.

வீட்டில் பெரியவர்களுக்குப் போன் வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அதில் என்னென்ன இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். அதை வைத்து என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். கடைக்கு அவர்களையும் கூட்டிப் போங்கள், அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அந்தப் போனில் காட்டச் சொல்லுங்கள். தெரிந்ததைச் சரியாகக் காட்டுகிற பொருள்தான் தெரியாததையும் சரியாகக் காட்டும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். விலை கூடினதுதான் பாசம் என்றும் நினைக்காதீர்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுதியது பேத்தி காவியா. போதும் கண்ணு, பேனாவை மூடி வை. இப்போது முதலிலிருந்து படித்துக் காட்டு, அவசரமில்லை. நான் பேசாத பெரிய வார்த்தை எதையாவது நீயாகச் சேர்த்திருந்தால், அந்த இடத்தில் கை தூக்குவேன்.